ஸ்லோ குக்கரில் பிச்சுப் போட்ட கோழி: சக்கையாகாமல், குழம்பு நீர்க்காமல்

கேள்வி சுருக்கமாக இதுதான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஏழு. 3.5 லிட்டர் ஸ்லோ குக்கர் (மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சட்டி) வாங்கி, ஒரு கிலோ நெஞ்சுக்கறி, மசாலாத் தூள், ஒரு கப் தண்ணீர் எல்லாவற்றையும் காலையிலேயே போட்டு ‘லோ’வில் வைத்துவிட்டுப் போனார்கள். மாலையில் கறி சக்கையாக இருந்தது, குழம்பு தண்ணீராக நின்றது, தூளின் பச்சை வாடை போகவே இல்லை. நார் நாராகப் பிய்த்த கோழியை இரவுச் சாப்பாட்டுக்கு அதிக வேலையில்லாமல் செய்ய வழி உண்டா?

உண்டு. நீங்கள் கண்ட மூன்று குறைகளுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது, மூன்றையும் சரிசெய்ய முடியும். ஆனால் முதலில் உங்கள் நேரக் கணக்கை மாற்ற வேண்டும். எட்டு, பத்து மணி நேரம் என்பது அலுவலகத்தின் கணக்கு. கோழிக்கு அவ்வளவு நேரம் வேண்டாம்.

இந்தச் சட்டி எதற்காக உருவானது என்று தெரிந்தால் இது விளங்கும். யூதர்கள் தங்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அதனால் முந்தின நாள் மாலையே ‘சோலன்ட்’ என்ற பயறும் இறைச்சியும் சேர்ந்த குழம்பை ஏற்றி, இரவு முழுக்க மெல்லிய சூட்டில் விட்டுவிடுவார்கள். அம்மா சொல்லக் கேட்ட அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் அமெரிக்கரான இர்விங் நாக்சன் மின்சாரத்தில் இயங்கும் சட்டி ஒன்றை வடிவமைத்து 1940ல் காப்புரிமை பெற்றார். அதுவே 1971ல் ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. காய்ந்த பயறும் மாட்டின் கெட்டிக் கறியும் பத்து மணி நேரம் தாங்கும். நாம் வாங்கும் பிராய்லர் கோழிக்கு வயது ஐந்தாறு வாரம்தான். நெஞ்சுக்கறி அந்தச் சூட்டில் மூன்று மணி நேரத்தில் வெந்துவிடும். மீதி நேரமெல்லாம் அது தன் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

‘லோ’ என்றால் குறைந்த சூடு, ‘ஹை’ என்றால் அதிகச் சூடு என்று நினைப்பது பொதுவான பிழை. பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கடைசியில் கொதிநிலையை ஒட்டிய சூட்டுக்குத்தான் போகும். ‘ஹை’ சீக்கிரம் போய்ச் சேரும், ‘லோ’ மெதுவாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான் வேறுபாடு. ‘லோ’வில் வைத்ததால் கறி காயாது என்ற நம்பிக்கை வேண்டாம்.

எந்தத் துண்டு வாங்குவது

நெஞ்சுக்கறியை விடுங்கள். அதில் கொழுப்பும் குறைவு, தசையைக் கட்டிவைக்கும் கொலாஜனும் குறைவு. 74 டிகிரி தொட்டதும் எடுத்தால் நன்றாக இருக்கும், அதைத் தாண்டினால் வறண்டுவிடும். தொடைக்கறி வேறு மாதிரி. அதுவும் 74 டிகிரியில் சாப்பிடும் பதத்துக்கு வந்துவிடும், ஆனால் அப்போது பிய்த்தால் ரப்பர் போல இழுக்கும். 88, 90 டிகிரிக்குப் போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றால்தான் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகும். தசை நார் நாராகப் பிரிவது அதனால்தான். கரைந்த ஜெலட்டின் நார்களின் மேல் படிவதால் நாக்குக்கு ஈரமாகவும் தெரியும். பிய்ப்பதற்கென்றே செய்யும் கறிக்குத் தொடைதான் ஏற்றது.

பேரங்காடிகளில் எலும்பெடுத்த கால்கறி பெரும்பாலும் தோலோடு வரும். தோலை உரித்துவிடுங்கள். ஸ்லோ குக்கரில் தோல் முறுகவே முறுகாது, கொழகொழவென்று கிடந்து குழம்பில் எண்ணெயை மட்டும் ஏற்றும். மீன், இறைச்சி விற்கும் ஈரச்சந்தையில் வாங்கினால் தோலெடுத்து, எலும்போடு முழுக்காலாக, வெட்டாமல் கேளுங்கள். குழம்புக்கு வெட்டுவதுபோல் சின்னத் துண்டாக்கினால் எலும்புச் சில்லுகள் கறியோடு கலந்துவிடும், பிய்க்கும்போது ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டிவரும்.

உறைகோழியில் தயக்கம் வேண்டாம். 2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது பிரேசில் உறைகோழிக்கு மாறிப் பழகியவர்கள் இங்கே சிங்கப்பூரில் உண்டு. பிய்த்த கோழிக்கு அது தாராளமாகப் போதும், மசாலா ஏறிய பிறகு வித்தியாசம் தெரியாது. ஆனால் உறைந்த கட்டியை அப்படியே குக்கரில் போடக் கூடாது. சிங்கப்பூர் உணவு அமைப்பு 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தை அபாய வட்டம் என்று சொல்கிறது, கிருமிகள் வேகமாகப் பெருகும் சூடு அது. உறைந்த கட்டி ஸ்லோ குக்கரில் அந்த வட்டத்துக்குள் மணிக்கணக்கில் கிடக்கும். பிறகு நன்றாகக் கொதித்தால் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் அதற்குள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. முந்தின நாளே ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில், சாறு ஒழுகாத பாத்திரத்தில் வைத்து உருகவிடுங்கள். ஒரு கிலோ கட்டிக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அவசரமென்றால் பையைப் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கொருமுறை நீரை மாற்றினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உருகும்.

மஞ்சள் போட்டு அலசுவது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே கோழியைப் பிடித்து அலசினால் தெறிக்கும் துளியில் கிருமி பக்கத்துத் தட்டு, காய்கறி வரை போகும். அலசித்தான் ஆகவேண்டுமென்றால் பாத்திரத்து நீரில் அமிழ்த்தி எடுங்கள். அதன் பிறகு சமையலறைக் காகிதத்தால் நன்றாக ஒற்றி எடுங்கள். கறியில் ஒட்டியிருக்கும் ஒரு கைப்பிடி நீர்கூட இந்தச் சட்டியில் அப்படியே தங்கிவிடும்.

தண்ணீர் ஊற்றாதீர்கள்

அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஆவியாகப் போகிற நீர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதற்குப் பழகிய கைதான் இங்கேயும் ஒரு கப் ஊற்றுகிறது. ஸ்லோ குக்கரில் ஆவி மூடியில் பட்டு வழிந்து மறுபடி உள்ளேயே விழும். உள்ளே போட்டது உள்ளேயே இருக்கும். அதோடு ஒரு கிலோ கோழி வேகும்போது தானாகவே ஒரு கப் அளவுக்குச் சாறு விடும், வெங்காயமும் தக்காளியும் தங்கள் பங்கை விடும். நீங்கள் ஊற்றிய ஒரு கப் முழுக்க மிகை. இந்தச் சமையலுக்கு வெளியிலிருந்து ஊற்ற வேண்டிய நீர், மசாலா வதக்கிய சட்டியைக் கழுவி ஊற்றும் நாலு மேசைக்கரண்டிதான்.

பச்சை வாடைக்குக் காரணம் வேறு. வெங்காயம் சிவக்க, தூள் எண்ணெயில் பொரிந்து வாசம் விட, 100 டிகிரியைத் தாண்டிய சூடு வேண்டும். நீர் இருக்கும் பாத்திரம் அந்தச் சூட்டுக்குப் போகாது. பத்து மணி நேரம் வைத்தாலும் ஸ்லோ குக்கருக்குள் வெங்காயம் வேகும், வதங்காது. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் நனையும், பொரியாது. பச்சைப் பூண்டை அப்படியே போட்டால் அதன் காரல் அடங்காமல் நிற்கும். ஆகவே வதக்கும் வேலையை அடுப்பில் முடித்துவிட்டுத்தான் குக்கருக்கு வர வேண்டும். எல்லாவற்றையும் கொட்டி மூடினால் போதும் என்று சொல்லும் குறிப்புகள் நம் மசாலாவுக்குப் பொருந்தா. புட்டியில் வரும் இனிப்புச் சாஸ் ஊற்றிச் செய்பவர்களுக்கு அது சரிவரலாம்.

அளவு

3.5 லிட்டர் சட்டிக்கு, நாலு பேர் இரவில் சாப்பிட்டு மறுநாள் மதியத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும்:

எலும்பும் தோலும் எடுத்த தொடைக்கறி 1.2 கிலோ (எலும்போடு என்றால் 1.6 கிலோ)
பெரிய வெங்காயம் 300 கிராம், மெல்லியதாக நறுக்கியது
நன்கு பழுத்த தக்காளி 200 கிராம்
இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி
மிளகாய்த்தூள் 3 தேக்கரண்டி, மல்லித்தூள் 5 தேக்கரண்டி, சீரகத்தூள் 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி
சோம்பு 1 தேக்கரண்டி, பட்டை ஒரு விரற்கடை, கிராம்பு 2
நல்லெண்ணெய் அல்லது சமையல் எண்ணெய் 4 மேசைக்கரண்டி
உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி (மீதி கடைசியில்)

இறுதியில் தாளிக்க: புதிதாக இடித்த மிளகு 2 தேக்கரண்டி, கறிவேப்பிலை மூன்று இணுக்கு, சின்ன வெங்காயம் 10, பச்சைமிளகாய் 3, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சை அரை மூடி.

தனித்தனித் தூள்களுக்குப் பதில் பாபாஸ் இறைச்சி மசாலா 4 மேசைக்கரண்டி போடலாம். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் அரைத்துத் தரும் ஈர மசாலா வாங்கினால் அதில் ஏற்கெனவே நீர் இருக்கும் என்பதை மறக்காதீர்கள், எண்ணெய் பிரியும்வரை இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக வதக்க வேண்டும். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ போன்ற முழு வாசனைப் பொருள்களை வழக்கத்தில் பாதிதான் போட வேண்டும். ஐந்தாறு மணி நேரம் ஊறும்போது அவை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நாலு கிராம்பு போட்ட குழம்பு காலையில் பல்வலி மருந்துபோல மணக்கும்.

சட்டி பாதியிலிருந்து முக்கால் பாகத்துக்குள் நிரம்ப வேண்டும். மேலே சொன்ன அளவு 3.5 லிட்டர் சட்டியில் ஏறத்தாழ பாதிக்கு வரும். 6 லிட்டர் குக்கரில் இதே அளவைப் போட்டால் அடியில் மெல்லிய படலமாகப் பரவிச் சீக்கிரம் வெந்து, ஓரங்களில் கருகி ஒட்டும். பெரிய குக்கர் வைத்திருப்பவர்கள் அளவை இரட்டிப்பாக்கி, பாதியை உறையவைப்பது நல்லது.

நேரம்: பகலை விட்டு இரவுக்கு மாறுங்கள்

நடைமுறை மணிக்கணக்கு இது. 3.5 லிட்டர் சட்டியில் எலும்பெடுத்த தொடைக்கறி ‘லோ’வில் நாலரை முதல் ஐந்து மணி நேரம், ‘ஹை’யில் இரண்டரை முதல் மூன்று. எலும்போடு முழுக்கால் ‘லோ’வில் ஆறு முதல் ஏழு, ‘ஹை’யில் மூன்றரை முதல் நாலு. நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்றால் ‘லோ’வில் இரண்டரை முதல் மூன்றரை, அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும் நாளில் மட்டும்.

நீங்கள் வெளியில் இருப்பதோ பதினொன்றரை மணி நேரம். எந்தத் துண்டும் அதற்கு ஒத்துவராது. வெந்ததும் ‘வார்ம்’ (ஆறாமல் சூடாக மட்டும் வைத்திருக்கும் நிலை) தானாக விழும் டிஜிட்டல் குக்கர் என்றாலும், ஆறு மணி நேரம் வெந்து மேலும் ஐந்தரை மணி நேரம் சூட்டில் கிடக்கும் கறி கரைந்து கூழாகும். ‘வார்ம்’மில் நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. பச்சைக் கோழியைக் காலையில் போட்டு, பிற்பகலில் தானாகத் தொடங்கும்படி டைமர் வைப்பது இன்னும் மோசம். நம் வீடுகளின் முப்பது டிகிரி வெப்பத்தில் கோழி அவ்வளவு நேரம் பச்சையாகக் கிடக்கக் கூடாது.

உங்களைப் போன்ற வீட்டுக்கு இரவில் வேகவைப்பதே சரி. இரவு பத்தரைக்கு முழுக்கால் துண்டுகளை ‘லோ’வில் வைத்தால் காலை ஐந்தரைக்குப் பதமாக இருக்கும். எலும்பில்லாத கறி என்றால் ‘லோ’ ஐந்து மணி நேரம், அதன் பிறகு ‘வார்ம்’ இரண்டு மணி நேரம் என்று அமைத்துக்கொள்ளலாம். காலையில் பத்து நிமிடம் பிய்க்கும் வேலை, பிறகு ஃபிரிஜ். மாலை வந்து குழம்பை வற்றவைத்துத் தாளித்தால் இருபது நிமிடத்தில் சாப்பாடு. இதில் இன்னொரு லாபமும் உண்டு. பகல் முழுக்க ஃபிரிஜ்ஜில் இருந்த சாற்றின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கும், கரண்டியால் வழித்தெடுத்துவிடலாம்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாளென்றால் மதியம் ஒன்றரைக்கு எலும்பில்லாத கறியை ‘லோ’வில் வையுங்கள். ஆறரைக்குத் திறக்கலாம்.

செய்முறை

மசாலாவை இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு வதக்குங்கள். அகலமான குவாலியில் (வாணலியில்) எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, சோம்பு, பிறகு வெங்காயம். நடுத்தர நெருப்பில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஓரங்கள் நன்றாகச் சிவக்கும்வரை. இந்தச் சிவப்புதான் கடைசியில் குழம்பின் நிறமும் இனிப்பும், அவசரப்பட்டுக் கண்ணாடி பதத்தில் நிறுத்தினால் பிறகு எதைப் போட்டாலும் அது வராது. இஞ்சி பூண்டு விழுதைச் சேர்த்து இரண்டு நிமிடம். நெருப்பைக் குறைத்து, தூள்களை இரண்டு மேசைக்கரண்டி நீரில் குழைத்து ஊற்றுங்கள். காய்ந்த தூளை நேரடியாகச் சூடான எண்ணெயில் கொட்டினால் நொடியில் கருகும், அந்தக் கசப்பு ஸ்லோ குக்கரில் போகவே போகாது. இரண்டு நிமிடம் கிளறி, தக்காளியும் உப்பும் சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மசாலா ஒரே உருண்டையாகத் திரளும்வரை எட்டு நிமிடம்.

பாதி மசாலாவைப் பீங்கான் சட்டியின் அடியில் பரப்பி, கோழியைச் சமமாக அடுக்கி, மீதியை மேலே பூசுங்கள். குவாலியை நாலு மேசைக்கரண்டி வெந்நீரால் கழுவி அதையும் ஊற்றி மூடுங்கள். மசாலா சூடாகவே போவது நல்லது, சட்டி அபாய வட்டத்தைச் சீக்கிரம் தாண்டும்.

மசாலாவை முன்கூட்டியே செய்து வைப்பவர்கள் அதைத் தனி டப்பாவிலும் கோழியைத் தனியாகவும் ஃபிரிஜ்ஜில் வைத்து, மசாலாவை மட்டும் நன்றாகச் சூடாக்கிப் போட வேண்டும். எல்லாவற்றையும் பீங்கான் சட்டியிலேயே நிரப்பி ஃபிரிஜ்ஜில் வைத்து அப்படியே குக்கரில் இறக்கும் பழக்கம் ஆபத்தானது. குளிர்ந்த கனமான பீங்கான் சூடேறவே வெகுநேரம் எடுக்கும், சிலசமயம் திடீர்ச் சூட்டில் விரிசலும் விடும். வார இறுதியில் மூன்று மடங்கு மசாலா வதக்கி மூன்று டப்பாவில் உறையவைத்தால், வார நாளில் உங்களுக்கு மிஞ்சும் வேலை ஐந்து நிமிடம்தான்.

மூடியதும் திறக்காதீர்கள். ஒருமுறை திறந்தால் போன சூட்டை மீட்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். கிளறவும் தேவையில்லை. சூடு சுற்றுச்சுவரிலிருந்து வருவதால் அடிப்பிடிக்கும் கவலை இங்கே இல்லை.

பதம் பார்க்கும் வழி: தடித்த துண்டின் நடுவில் முள்கரண்டியைக் குத்தி லேசாகத் திருகுங்கள். தானாகப் பிரிந்தால் சரி. இழுத்துப் பிடித்தால் ஊறு ஒன்றுமில்லை, இன்னும் அரை மணி நேரம் வேண்டும். தொடைக்கறி முரடாக இருந்தால் பலர் அதிகமாக வெந்துவிட்டது என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது போதாமல் வெந்த கறி.

பிய்ப்பது

கறியைச் சாற்றிலேயே வைத்துப் பிய்க்காதீர்கள். அகலமான தட்டுக்கு எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டு முள்கரண்டியால் நார் ஓடும் திசையிலேயே இழுங்கள். விரல் தடிமன் நாராக நிறுத்துங்கள். இன்னும் நுணுக்கினால் தாளிக்கும்போது பஞ்சுபோல உலர்ந்துவிடும். கேக் மாவு அடிக்கும் மின்கருவியால் இருபது நொடியில் பிய்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் முப்பதாவது நொடியில் அது துருவலாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே முடிக்க வேண்டும். ஃபிரிஜ்ஜில் வைத்து எடுத்தால் ஜெலட்டின் இறுகி, நார் பிரியாமல் துண்டாக உடையும்.

எலும்போடு வேகவைத்திருந்தால் முள்கரண்டியை வைத்துவிட்டுக் கையால் பிய்யுங்கள். கால்பகுதியில் பெரிய எலும்புக்குப் பக்கத்தில் ஊசிபோல ஒரு மெல்லிய எலும்பு உண்டு. வெந்த கறியில் அது கழன்று நாரோடு நாராகக் கலந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். வீட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் இந்த எலும்பு வெளியே வந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

காலையில் பிய்த்த கறியின் மேல் ஐந்தாறு கரண்டி சாற்றை ஊற்றிப் புரட்டி, அகலமான ஆழமில்லாத டப்பாவில் போடுங்கள். மீதிச் சாறு தனி டப்பாவில். ஆவி அடங்கியதும் ஃபிரிஜ்ஜுக்குப் போகலாம். சூடான பீங்கான் சட்டியை அப்படியே ஃபிரிஜ்ஜுக்குள் தள்ள வேண்டாம், அது குளிர நாள் பாதி ஆகும்.

மாலையில் செய்வது

இந்தக் கடைசி இருபது நிமிடத்தில்தான் வெந்த கோழி பிச்சுப் போட்ட கோழியாக மாறுகிறது. கொழுப்பை வழித்த சாற்றைக் குவாலியில் ஊற்றி, பெரிய நெருப்பில் எட்டு நிமிடம்போல் கொதிக்கவிடுங்கள். பாதிக்கும் கீழே வற்றி, கரண்டியில் ஒட்டும் பதம் வர வேண்டும். அதன் பிறகுதான் உப்புப் பாருங்கள். முன்பே சரியாகப் போட்டிருந்தால் வற்றியதும் கரிக்கும், ஆரம்பத்தில் உப்பைக் குறைத்தது இதற்காகத்தான். வற்றிய சாற்றைக் கிண்ணத்தில் எடுத்துவைத்துக்கொண்டு, அதே குவாலியில் எண்ணெய் விட்டு சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கறியைப் போட்டு பெரிய நெருப்பில் மூன்று நிமிடம் பிரட்டுங்கள். சில நார்கள் ஓரத்தில் சிவந்து முறுகட்டும். சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், கறி குடிக்கக் குடிக்க. நெருப்பை அணைக்கும்முன் இடித்த மிளகு, அணைத்த பிறகு எலுமிச்சை. மிளகையும் கறிவேப்பிலையையும் குக்கரில் முன்பே போட்டிருந்தால் வாசம் முழுக்க மூடிவழியே போயிருக்கும்.

சூடான சோறும் ரசமும் இருந்தால் வேறு ஒன்றும் வேண்டாம். தோசைக்குள் மசாலாவுக்குப் பதிலாக வைக்கலாம். பேரங்காடியில் கிடைக்கும் உறைந்த பிராட்டாவைச் சுட்டு, உள்ளே இந்தக் கறியும் வெள்ளரிக்காய், வெங்காயம் நறுக்கியதும் வைத்துச் சுருட்டினால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். இடியப்பத்துக்குக் கொஞ்சம் சாறு அதிகம் விட்டுக்கொள்ளுங்கள்.

இனி, வேறு சேர்மானங்கள் போட நினைப்பவர்களுக்கு. தேங்காய்ப்பால் வேண்டுமென்றால் கடைசி இருபது நிமிடத்தில், அல்லது மாலையில் குவாலியில் மட்டும். ஆரம்பத்திலேயே ஊற்றினால் திரிந்து எண்ணெயும் கட்டியுமாகப் பிரியும், தயிரும் அப்படியே. உருளைக்கிழங்கு கோழியைவிட மெதுவாக வேகும், தக்காளியின் புளிப்பு அதை இன்னும் தாமதப்படுத்தும். சின்னதாக நறுக்கி அடியில், சுவரை ஒட்டி வையுங்கள். சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்துப் பச்சையாகப் போடவே கூடாது. அதில் உள்ள லெக்டின் என்ற நஞ்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஸ்லோ குக்கர் சூட்டில் அது அழியாமல் நின்று, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். அடுப்பில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, அந்த நீரை வடித்த பிறகே குக்கருக்குப் போக வேண்டும்.

சோத்தோ ஆயாம் என்ற மலாய், இந்தோனீசியக் கோழிச் சூப் செய்ய விரும்பினால் கணக்கு தலைகீழ், அங்கே சாறுதான் சாப்பாடு. 5 லிட்டர் சட்டியில் எலும்போடு முழுக்கால் 1.2 கிலோ, ஒன்றரை லிட்டர் கொதிநீர், தட்டிய செரை (எலுமிச்சைப்புல்) மூன்று, லெங்குவாஸ் (இஞ்சி போன்ற அரத்தை) ஒரு துண்டு, எலுமிச்சை இலை நாலு. சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், மல்லி, சீரகம், வெள்ளை மிளகு, புவா கெராஸ் (குழம்பைக் கெட்டியாக்கும் ஒரு கொட்டை) நாலு சேர்த்து அரைத்த விழுதை எண்ணெயில் நன்றாக வதக்கிக் கலந்து, ‘ஹை’யில் நாலு மணி நேரம். புவா கெராஸைப் பச்சையாக வாயில் போடக் கூடாது, வயிற்றைக் கெடுக்கும், சமைத்தால் பயமில்லை. பிய்த்த கறியை நாசி இம்பிட் (அழுத்திய சோற்றுக்கட்டி), தவ்கே (முளைப்பயறு) மேல் வைத்துச் சாற்றைக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும்.

குக்கரைப் பற்றி

இரவு முழுக்க ஓடும் சாதனம் என்பதால் வாங்கும்போது பாதுகாப்புக் குறி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் குக்கர்கள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் பிளக் மாற்றி மட்டும் போட்டுச் செருகினால் எரிந்துவிடும். சுவரிலுள்ள மூன்று முனைச் செருகியில் நேரடியாகப் போடுங்கள், நீட்டிப்புக் கம்பியில் வேண்டாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேலே அலமாரி இல்லாத இடத்தில் வையுங்கள். மின்செலவு பெரிதில்லை. 200 வாட் குக்கர் ஏழு மணி நேரம் ஓடினால் 1.4 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தால் 42 காசு.

உங்கள் குக்கர் சரியான சூட்டுக்குப் போகிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது, பழைய குக்கர் என்றால் கட்டாயம். பாதியளவு நீர் ஊற்றி, மூடி, ‘லோ’வில் எட்டு மணி நேரம் வைத்து, திறந்த உடனே சமையல் வெப்பமானியால் பாருங்கள். 85 முதல் 93 டிகிரிக்குள் இருந்தால் மேலே சொன்ன நேரங்கள் பொருந்தும். அதற்கு மேல் போனால் எல்லா நேரத்திலும் முக்கால் மணி நேரம் குறையுங்கள். 85ஐ எட்டவில்லை என்றால் அதில் இறைச்சி சமைக்க வேண்டாம். ‘வார்ம்’மையும் இப்படியே சோதியுங்கள், 60 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது.

மிஞ்சிய கறி ஃபிரிஜ்ஜில் மூன்று நாள் இருக்கும். உறையவைப்பதானால் தாளிப்பதற்கு முன், பிய்த்த கறியைச் சாற்றோடு சேர்த்து ஒரு வேளைக்கு ஒரு பை என்று தட்டையாக அடுக்குங்கள். இரண்டு மாதம் தாங்கும், தட்டையாக இருப்பதால் இரவு ஃபிரிஜ்ஜுக்கு மாற்றினால் மறுநாள் மாலைக்குள் உருகிவிடும். திரும்பச் சூடாக்குவது அடுப்பிலோ மைக்ரோவேவிலோதான், உள்ளே வரை ஆவி பறக்க. ஸ்லோ குக்கரில் மறுசூடு வைக்காதீர்கள், குளிர்ந்த உணவு அதில் வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கும் கறியைப் போட்டு உடனே மூடுங்கள், மதியம்வரை சூடு நிற்கும்.